பிடிக்காத பீடி

“எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். “இன்னாத்தங்க?”

“பீடியோ சிகரெட்டோ, எதுவோ ஒண்ணு.”

“அய்ய, அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க.”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் கொஞ்சம் கீழே நகர்த்தி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். இழுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. விடும்போது மட்டும் உள்ளே எங்கேயோ விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. எதிர் நாற்காலியில் இருந்த எனக்கே அது கேட்டது. டாக்டர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீயாவது உண்மையைச் சொல்லும்மா என்கிற பார்வை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும், செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஆரம்பித்துவிட்டேன்.

“இன்னாங்க, டாக்டரு அப்டி கேக்குறாரு?”

“கேக்குறதுக்கு இன்னா. வாய் இருக்குது, கேக்குறாரு.”

“சும்மா கேப்பாரா? நெஞ்சுல ஏதோ தெரிஞ்சிதான கேக்குறாரு?”

“எனக்கு இன்னா தெரியும்? நட ஜல்தி, வெயிலு ஏறுது.”

அவர் நடந்த வேகத்துக்கு ஜல்தி என்ற சொல்லே பொருந்தவில்லை. மருந்துக்கடை வரைக்கும் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். நின்றதற்குக் காரணம் சொல்லிக்கொண்டார்: ஒரு இடத்தில் செருப்பு வார் நழுவியதாம், இன்னொரு இடத்தில் யாரோ தெரிந்தவர் போனாராம். அங்கே யாருமே போகவில்லை.

எனக்கு எதையும் சட்டென்று நம்புகிற சுபாவம் கிடையாது. காய்காரர் பிஞ்சு வெண்டை என்று சொன்னால் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாயில் பீடியைப் பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் படித்த டாக்டர் ஒருத்தர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எத்தனை வருஷமா என்று கேட்டால் என்ன செய்வது? இருக்கா இல்லையா என்றுகூட அவர் கேட்கவில்லை. நேராக எத்தனை வருஷம் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

எங்கள் வீடு ஆரணியில் சேவூர் போகிற பக்கம். பட்டுத்தறி வீடு. மகளைக் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். முன்னறையில் அவருடைய குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி அதற்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்வது. தறிக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல். அந்த வெளிச்சத்தில்தான் பட்டு இழையின் நிறம் சரியாகத் தெரியும். பின்னறையில் அடுப்பும், நான் தார் சுற்றுகிற ராட்டையும். தார் என்றால், தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல். நீளவாக்கில் கட்டிய பாவுக்குக் குறுக்கே போகிற ஊடை இழையை அதில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அவர் முன்னால், நான் பின்னால். நடுவில் ஒரு கதவு, அதன் வழியாக நாள் முழுக்க எங்கள் பேச்சும் சண்டையும் போய்வந்துகொண்டிருக்கும்.

நாங்கள் குடிவந்த காலத்தில் படியேறித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அப்புறம் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு ரோடு, அதன் மேல் இன்னொன்று. இப்போது தெருவிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும் என்று அதற்கு மட்டும் வாசலில் ஒரு தடுப்பு கட்டிக்கொண்டோம். ஜன்னல் தெருவுக்குச் சரிமட்டமாகப் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு மெயின் ரோட்டில் பாலம் இடித்துக் கட்டுகிறோம் என்று வண்டிகளை எங்கள் தெருப்பக்கம் திருப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். பாலம் கட்டி முடித்தாயிற்று, திறப்பு விழாவும் ஆயிற்று. ஆனால் டிரைவர்களுக்குக் குறுக்கு வழி பழகிவிட்டது. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன், அரிசி மில்லுக்குப் போகிற லாரி, முகூர்த்த நாள் என்றால் பட்டு வாங்க வருகிற கார்கள் என்று எல்லாம் எங்கள் தெருவில்தான். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்ணை ஒரு டூவீலர்காரன் இடித்துக் காலை உடைத்துவிட்டான். தெருப் பெண்கள் எல்லோரும் போய் ரோட்டில் உட்கார்ந்தோம். முதல் ஆளாக உட்கார்ந்தது நான். வேகத்தடை போடுகிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுந்தோம். போட வந்த ஆள் எங்கேம்மா போடுவது என்று கேட்டபோது, “இங்க போடுப்பா, என் கண்ணு முன்னாடி போடு” என்று எங்கள் வாசலைக் காட்டினேன். ஏமாற்றிவிட்டுப் போய்விடுவான் என்று பயம். அவனும் ஜன்னலுக்கு நேர் எதிரே நல்ல உயரமாகப் போட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியும் எங்கள் ஜன்னலுக்கு முன்னால் வந்து குலுங்கி நிற்கும், பிறகு உறுமி எழுந்து போகும். அந்த எழுகிற நேரத்தில்தான் புகை கருகருவென்று வரும். என் வீட்டுக்காரர் துணி கெட்டுவிடும் என்று, நெய்த பகுதியின் மேல் எப்போதும் ஒரு பழைய வேட்டித் துண்டைப் போட்டு வைத்திருப்பார். நெய்ய நெய்ய அதை நகர்த்திக்கொள்வார். வேலை முடிந்ததும் தறி முழுக்கத் துணியால் மூடிவிட்டுத்தான் கை கழுவப் போவார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல் நான்கு பக்கமும் செருகி விடுவார். பட்டு விஷயத்தில் அவ்வளவு பொறுப்பு.

டாக்டர் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் துப்பறிய ஆரம்பித்தேன். முதலில் சட்டை. துவைக்கப் போடுகிற சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். புகை வாசம். நன்றாகவே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் சட்டையிலும் அதே வாசம். பாக்கெட்டைக் கவிழ்த்தேன், மடிப்பைப் பிரித்தேன், தீப்பெட்டிகூட இல்லை. தோளில் போடுகிற துண்டில் மூக்கைத் துடைத்த இடம் கறுப்பாக இருந்தது. இருமித் துப்பினால் அதிலும் கறுப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

என்றாலும் இன்னொரு மூக்கு சொன்னால் நல்லது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சட்டையைக் கொண்டுபோனேன். என்னைவிட இளையவள், அவளும் தறிக்காரன் மனைவிதான். அவள் புருஷன் பீடியைக் காதிலேயே செருகிக்கொண்டு திரிகிறவன், அதனால் அவளுக்கு அனுபவம் உண்டு.

“இத மோந்து பாரு. இன்னா வாசம்னு சொல்லு.”

அவள் மோந்தாள். “எங்க வூட்டுக்காரரு சட்டையும் இப்டித்தாங்கா இருக்கும். அதே வாசம்.”

“அதேதானா?”

“அச்சு அசல் அதே. ஏங்கா, மாமாவும் ஆரம்பிச்சிட்டாரா?”

என் காதில் வேறெதுவும் விழவில்லை. சட்டையைச் சுருட்டிக்கொண்டு நேராக வந்தேன். அவர் நெய்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தடையில் ஏறி முக்கிக்கொண்டிருந்தது. சட்டையை எடுத்துத் தறி மேல் வீசினேன்.

“எங்க போயி புடிக்கிறீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“எத?”

“நாடகம் ஆடாதீங்க. சட்டையெல்லாம் நாறுது. ஊரு பூரா மோந்து சொல்லுது.”

“ஊரு பூரா மோந்துச்சா? சட்டைய எடுத்துகினு ஊர்வலமா போனியா?”

“பேச்ச மாத்தாதீங்க.”

அவர் நாடாவைக் கீழே வைத்தார். பேச வாயைத் திறந்தவருக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்கிற வரைக்கும் இருமினார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், கோபத்தோடுதான் கொடுத்தேன். குடித்துவிட்டு, “நான் இன்னா எட்டாங்கிளாஸ் பையனா, ஒளிச்சி வெச்சி புடிக்க? புடிக்கிறதா இருந்தா உன் எதிர்ல குந்திகினு புடிப்பேன். உனக்கு எவன் பயப்படுறான்?” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இவர் எனக்குப் பயப்படுகிறவர்தான், எனக்குத் தெரியாதா?

அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராட்டை முன்னால் உட்காருவேன், ஒரு தார் முடிவதற்குள் எழுந்து போய் அவரை எட்டிப் பார்ப்பேன். தறிச் சத்தம் நின்றால் எழுந்துவிடுவேன். முன்பெல்லாம் அந்தச் சத்தம் நிற்காமல் கேட்கும். இப்போது கொஞ்சம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் பீடிதான் என்று நினைத்துக்கொள்வேன். எட்டிப் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால் இழை அறுந்துவிட்டது என்பார். இவ்வளவு இழை இவருக்கு எப்போதுமே அறுந்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் தறிக்குத் துணி போர்த்திவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். கொல்லைக்குப் பின்னால் ஒரு காலிமனை உண்டு, அதைத் தாண்டினால் நெல்வயல். ஆள் நடமாட்டம் கிடையாது. இன்றைக்கு மாட்டினார் என்று அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். காலிமனையின் மதில் ஓரமாக நின்றிருந்தார். முதுகு எனக்குத் தெரிந்தது. ஒரு கை சுவரில். தலை குனிந்திருந்தது. பற்றவைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கிட்டே போனேன். பீடியும் இல்லை, ஒரு கர்மமும் இல்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தோளும் மேலே ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் வந்தது. உதட்டைக் குவித்துக்கொண்டு, சூடான பாலை ஊதுவதுபோல் மெதுவாக ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினார், பொறு என்று.

 மூச்சு சற்று அடங்கியதும் அவரே பேசினார்.

“இதுக்குத்தான் வரேன். இங்க நின்னா கொஞ்சம் தேவலாம்.”

“எத்தினி நாளா?”

“ஆச்சி கொஞ்ச நாளு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவ? தறிய விட்டு எந்திரின்னுவ. கையில பாதிச் சேல நிக்குது. இவனுக்கு முடியலன்னு ஊருல ஒரு பேச்சு வந்துச்சின்னா, அப்புறம் எவன் பாவு குடுப்பான்?”

அதற்கு மேல் அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. வீடு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை அவர் தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். உதடு நீலமாகப் போயிருந்தது. தெருக்காரர்கள் ஓடிவந்து குழியிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஷேர் ஆட்டோ ஒன்றில்தான் ஏற்றினோம். அப்புறம் ஆம்புலன்ஸ், அப்புறம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. கதவைப் பூட்டினேனா என்பதே எனக்கு நினைவில்லை. தறிக்குத் துணி போடவேண்டும் என்பது எங்கே நினைவுக்கு வரும்?

மூக்கில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்து ஒருவழியாக மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பேச முடிகிற நிலை வந்ததும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். முழு பலத்தையும் வைத்து ஊதினார். கம்ப்யூட்டரில் விழுந்த கோட்டைப் பார்த்த டாக்டர், வயசில் சின்னவர்தான், மரியாதையான பிள்ளை, அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

“சார் ஸ்மோக் பண்ணுவாரா?”

“இல்ல” என்று இவர் தலையாட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. மறைச்சீங்கன்னா அவருக்குத்தான் கஷ்டம்.”

மதிலோரத்தில் என் கண்ணாலேயே பார்த்த பிறகும், அந்தச் சட்டை வாசம் என்னை விடவில்லை. இல்லை என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

“எனக்குத் தெரிஞ்சி இல்லீங்க.”

கட்டிலில் படுத்திருந்த மனுஷன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.  டாக்டர் அதை எழுதிக்கொண்டார், விறகு அடுப்பு உண்டா, சாம்பிராணி போடுவீர்களா, பஞ்சுத் தூசியா என்றெல்லாம் கேட்டார். கேஸ் அடுப்புதான், வெள்ளிக்கிழமை மட்டும்தான் சாம்பிராணி, பட்டில் தூசி கிடையாது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வாயால் இழுக்கிற பம்பு ஒன்றைக் கொடுத்து, இழுக்கும் முறையைச் சொல்லித் தந்து அனுப்பினார்கள். நுரையீரல் கெட்டது கெட்டதுதான், இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் ஆரம்பித்தார். “டிக்கெட்டு வாங்குனியா?”

“வாங்கிட்டேன்.”

“உனக்குத் தெரிஞ்சி வாங்குனியா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே குடியேறிவிட்டது. குழம்பில் உப்பு இருக்கிறதா, உனக்குத் தெரிஞ்சி? கொல்லைக் கதவைச் சாத்தினாயா, உனக்குத் தெரிஞ்சி? சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சிரிக்கும்போது மூச்சு வாங்கும், நிறுத்திக்கொள்வார். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும், ஆனால் விட்டுக்கொடுக்காமல் முறைப்பேன்.

வீட்டுக்கு வந்தவர் கைகால்கூட அலம்பாமல் தறியைத்தான் பார்க்கப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பாதாம் நிறப் பாவு. கல்யாணச் சேலை. அவர் நெய்து முடித்த பகுதி வேட்டித் துண்டுக்குக் கீழே பளிச்சென்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் திறந்து கிடந்த பாவு இருந்ததே, அது மங்கிப்போயிருந்தது. தறியின் குறுக்குப் பலகை மறைத்திருந்த இடத்தில் மட்டும் கத்தியால் கோடு போட்டதுபோல் பழைய நிறம். மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

நான் விரலை வைத்து இழுத்தேன். விரலில் கறுப்பு ஒட்டியது. தூசி என்றால் ஊதினால் போகும். இது போகவில்லை, பிசுபிசுவென்று தேய்ந்தது. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். அந்தச் சட்டை வாசம்.

பக்கத்து வீட்டுக்காரன் சட்டையிலும் அதே வாசம் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது. அவன் பீடி குடிக்கிறான் என்பதால் இல்லை. அவனுக்கும் ஜன்னலோரம்தான் தறி. அந்த நேரம் பார்த்து வெளியே அரிசி மில் லாரி ஒன்று வேகத்தடையில் ஏறியது. அதன் புகைக்குழாய் இருந்த உயரத்தைப் பார்த்தேன். அதற்கு நேராக இந்தப் பக்கம், குழித்தறியில் உட்கார்ந்தால் முகம் எந்த இடத்தில் இருக்குமோ, அந்த இடத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மட்டம். லாரி எழுந்தது. புகை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நிதானமாக உள்ளே வந்து பாவின் மேல் படிந்தது.

“நாம இல்லாத நாலு நாளுக்கு இது” என்றேன்.  அழுகை வந்துவிட்டது, நன்றாகவே அழுதேன். இத்தனை வருஷமாகப் பட்டுக்குத் துணி போர்த்தினோம். போர்த்திய ஆளைத் திறந்து வைத்திருந்தோம்.

அவர் துண்டை எடுத்து மங்கிய பாவின் மேல் போட்டார். “இனிமே இன்னாத்துக்கு மூடணும்” என்று சொல்லிக்கொண்டேதான் மூடினார். அந்தச் சேலையைப் பிறகு கடைக்காரரிடம் உள்ளதைச் சொல்லி, அரக்கு நிறத்தில் சாயம் ஏற்றிக் கொடுத்தோம்.

எனக்குக் கோபம் வந்தால் உட்கார மாட்டேன். மறுநாளே தெருவில் இறங்கினேன். பஸ்ஸை மெயின் ரோட்டுக்கே திருப்புங்கள் என்று போய்க் கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, வேகத்தடையையாவது பெயர்த்துத் தள்ளிப் போடுங்கள் என்றேன். அது நடக்கும்போல் இருந்தது. அளக்க ஆள்கூட வந்துவிட்டான். அவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே போய் நின்றதும், அவள் வெளியே வந்தாள்.

“இன்னாங்கா இது? எங்க வூட்டுக்கு நேரா வெக்கச் சொன்னீங்களா?”

“நான் எங்க சொன்னேன், தள்ளி வெக்கத்தான் சொன்னேன்.”

“தள்ளின்னா எங்க தள்ளி? இந்தத் தெருவுல ஜன்னல் இல்லாத வூடு எது? காட்டுங்க, அங்க வெக்கட்டும்.”

 தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன். எல்லா வீட்டுக்கும் முன்னறையில் தறி, தறிக்குப் பக்கத்தில் ஜன்னல். எடுத்தே விடலாம் என்றால் கால் உடைந்த பெண் இன்னும் நொண்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அளக்க வந்தவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ஜன்னலை அடைத்துப் பார்த்தோம். அறை வெந்தது, வெளிச்சமும் போயிற்று. கடைசியில் ஒரு வழி எனக்குத் தோன்றியது. அவர் பின்னால் வரட்டும், நான் முன்னால் போகிறேன். பின்னறையில் புதுக் குழி தோண்டினோம், கூரையில் கண்ணாடி ஓடு பதித்தோம். முன்னறைக் குழியில் மண்ணைக் கொட்டி சிமென்ட் பூசி, அதன் மேலேயே என் ராட்டையைப் போட்டேன். புகையெல்லாம் குழியில் உட்காருகிறவருக்குத்தான், நான் மணை போட்டு உயரமாகத்தானே உட்காருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மணையின் உயரம் நான்கு விரல்கூட இருக்காது. அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்னறைக்குப் போனதும் அவருக்குத் தேவலாம் ஆயிற்று. பம்பு ஒரு பக்கம், வயல் காற்று ஒரு பக்கம். தறிச் சத்தம் மறுபடி தொடர்ந்து கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்கும். நான் தார்க்கூடை மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அந்தத் துணியை அலசினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். பார்த்தீங்களா, ஒரு இழை கெடல, என்று அவரிடம் பெருமையாகக் காட்டுவேன். அவரும் தலையாட்டுவார்.

மறுபடி காட்டச் சொன்ன தேதியில் வேலூர் போனோம். அதே டாக்டர். குழாயில் ஊதச் சொன்னார், கோட்டைப் பார்த்தார், “பரவாயில்லையே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, பாவு மங்கிக் கிடந்ததை அன்றைக்கே பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். லாரி, ஜன்னல், வேகத்தடை எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“டீசல் புகைதாம்மா. இதுல கண்ணுக்குத் தெரியறது பெருசு. தெரியாத பொடிதான் உள்ள கடைசி வரைக்கும் போகும். நுரையீரல் மட்டுமில்ல, இதயத்துக்கும் கெடுதி. பீடியே தொடாத ஆளுங்க இப்படி நிறைய பேர் வர்றாங்க.”

“அதான் டாக்டர், அவர பின்னால மாத்திட்டேன். இப்ப ஜன்னலாண்ட...” என்று சொல்ல வந்தேன். இருமல் வந்துவிட்டது. தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினேன். நின்றதுபோல் இருந்து மறுபடி வந்தது. சளிதான், குளிர் காலம், ரொம்ப நாளாக இருக்கிறது, போய்விடும் என்று சைகை காட்டினேன். வாயிலிருந்து எடுத்த தலைப்பில் கறுப்பு இருந்தது. அதை மடித்துக்கொண்டேன். டாக்டர் அதையும் பார்த்துவிட்டார்.

அவர் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இழுத்து விடச் சொன்னார். விடும்போது வந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்” என்றார். “புகை பிடிக்கிற பழக்கம், புகையிலை, ஏதாவது உண்டா?”

 பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்போது சொல்லிக்காட்டப் போகிறார், அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார், சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

“இல்லீங்க” என்றார். “இவளுக்கு அந்தப் பழக்கம் கெடையாது. ஜன்னலாண்ட குந்திகினு தார் சுத்துறா.”

அவ்வளவுதான் சொன்னார். தனக்குத் தெரிஞ்சி என்று சொல்லவில்லை. டாக்டர் குழாயின் முனையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது முனை ஒன்றை மாட்டி, என் கையில் கொடுத்தார்.

“நல்லா மூச்ச இழுத்து, ஒரே மூச்சுல ஊதுங்கம்மா.”

இழுத்தேன். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, முதுகில் கையை வைத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக் காட்டினார்.